ஐம்பத்தெட்டு நொடி

வெர்லீன் டூப்ளெசிஸின் கடைவாய்ப் பல்லில் அந்தப் பொம்மை இடறியபோது சாப்பாட்டு அறைக் கடிகாரத்தில் பன்னிரண்டு இருபது. கேக்குக்குள் ஒளித்துவைக்கிற, கட்டைவிரல் நகத்தளவு பிளாஸ்டிக் குழந்தை. ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் தொடங்கி, தவக்காலத்துக்கு முந்தைய மார்டி கிரா செவ்வாய் வரைக்கும், வெள்ளிக்கிழமைதோறும் அவள் வேலை செய்யும் தொழிற்சாலையின் நுரைப் பிரிவில் ராஜா கேக் வெட்டுவது வழக்கம். யார் துண்டில் குழந்தை அகப்படுகிறதோ அவர் அடுத்த வெள்ளிக்குக் கேக் கொண்டுவர வேண்டும். நான்கு வெள்ளிகளுக்குள் வெர்லீனுக்கு இது மூன்றாவது குழந்தை. அதுவும் இன்றைய கேக் அவளே வாங்கி வந்தது. தான் கொண்டுவந்த கேக்கில் தானே குழந்தையை எடுத்தால் அந்த அறை சும்மா விடாது. ஐம்பத்திரண்டு வயதில் வரிசையாக மூன்று பெற்றவள் என்று ஈஸ்டர் வரைக்கும் ஓட்டுவார்கள். அவள் வாழ்நாளில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். குழந்தையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, காப்பியை ஒரு மிடறு குடித்து, வாயைத் துடைப்பதுபோல் காகிதத்தில் துப்பிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். ஊரில் கஞ்சர்கள் செய்கிற வேலை அது.

கேக் காலியாகியும் குழந்தை வரவில்லை. உடனே பஞ்சாயத்து கூடியது, தீர்ப்பும் உடனே வந்தது. குற்றவாளி மெலரின். தரப் பரிசோதகர் மெலரினுக்கு அறுபது வயது, கீழே சதுப்பு நிலத்து இறால்காரக் குடும்பம், ஒரே காகிதப் பையை ஒரு வாரம் வைத்துக்கொண்டு சாப்பாடு கட்டி வருகிறவர். வேறு யாராக இருக்க முடியும்?

"மெலரின் முழுங்கிட்டாருப்பா. நாளைக்குக் காலையில தானா வெளிய வந்துடும், கவலப்படாதீங்க," என்றது ஒரு குரல்.

மெலரின் வாயைத் திறந்து நாக்கை நீட்டி எல்லோருக்கும் காட்டினார். யாரும் நம்பவில்லை. பத்தொன்பது பேரும் சிரித்தார்கள், வெர்லீனும் சேர்ந்து சிரித்தாள். திங்கட்கிழமை வந்து ஒப்புக்கொண்டு, அதற்கும் சேர்த்துச் சிரித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை விண்வெளி ஓடம் தரையிறங்க வேண்டிய நாள். வெர்லீனுக்கு அதில் வேலை எதுவும் இல்லை. அவர்கள் செய்வது ஓடத்தின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு மேலே போகும் பெரிய எரிபொருள் தொட்டி, அதன் குளிர் போகாமல் இருக்க மேலே தெளித்துக் கெட்டியாக்கும் நுரை. கிளம்பின எட்டு நிமிடத்தில் தொட்டி கழன்று கடலில் விழுந்துவிடும். ஆனாலும் அவள் ஒவ்வொரு இறங்கலையும் டிவியில் பார்ப்பாள். கல்யாணத்துக்குச் சமைத்துக் கொடுத்தவள் பெண்ணை ஊர்வலமாக அழைத்துப் போவதைக் கதவோரம் நின்று பார்ப்பதுபோல, ஒரு சொந்தம். அடுப்பில் சோளக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கணவன் அல்சீட், கெட்டுப்போன இடது காலை முக்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு காப்பி குடித்துக்கொண்டிருந்தான். எட்டு இருபதுக்கு டிவிக்காரனின் குரல் மாறியது. பிறகு டெக்ஸாஸ் வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு இரண்டாகி, நாலாகி, எண்ண முடியாமல் ஆனது. ஏழு பேர் அதில் இருந்தார்கள். கஞ்சி அடிப்பிடித்த வாசனை வந்தும் இருவரும் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் இன்னொரு படத்தைத் திரும்பத் திரும்பக் காட்ட ஆரம்பித்தார்கள். பதினாறு நாளுக்கு முன் ஓடம் கிளம்பியபோது எடுத்தது. தொட்டியின் மேல்பக்கத்திலிருந்து வெளுப்பாக ஒன்று பிய்த்துக்கொண்டு வந்து, இறக்கையில் மோதி, பொடியாகப் பறக்கிறது. தொட்டியிலிருந்து நுரை பெயர்ந்து அடித்ததுதான் காரணமாக இருக்கலாம் என்று யாரோ நிபுணர் சொன்னார். வெர்லீனுக்கு நிபுணர் தேவைப்படவில்லை. அந்த இடம் அவள் கைக்குத் தெரியும். தொட்டியையும் ஓடத்தின் மூக்கையும் இணைக்கிற கால்களின் அடியில் சரிவாக ஒரு மேடு எழுப்புவார்கள். மற்ற இடமெல்லாம் எந்திரம் நுரை பூசும். அந்த மேட்டை மட்டும் ஆள் நின்று கையால் தெளித்து, உப்பி வந்ததும் கத்தியால் செதுக்கி வடிவம் கொண்டுவர வேண்டும். அந்தத் தொட்டியின் எண் அவளுக்குத் தெரியும். இடது பக்க மேட்டின் வேலைத் தாளில் இரண்டு முத்திரைகள் இருக்கும். ஒன்று தெளித்தவருடையது, இன்னொன்று நேரம் பார்த்துச் சரி சொன்னவருடையது. ஒன்று அவளுடையது, மற்றது மெலரினுடையது.

திங்கட்கிழமை குழந்தையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளி கேக் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. மார்டி கிரா ஊர்வலங்கள் தெருவில் போயின, மணிமாலைகளை வாரி இறைத்தார்கள், அவள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். கடையில் வரிசையில் நிற்கும்போது அவளுடைய தொழிற்சாலை அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு முன்னால் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மாதாகோயிலில் பாதிரியார் ஏழு பேர் பெயரையும் சொல்லி ஜெபித்தபோது பக்கத்து பெஞ்சுக்காரி அவள் முழங்கையைத் தொட்டு, "உன்ன ஒண்ணும் சொல்லல கண்ணு," என்றாள். அவளை யாராவது ஏதாவது சொன்னதாக அதுவரை அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

அல்சீட் மூன்றாம் நாளே வேலையைத் தொடங்கிவிட்டான். இழுவைப் படகில் முப்பது வருடம் இருந்தவன், கால் போனதிலிருந்து பொழுதைக் கொல்ல ரேடியோவும் முடிதிருத்தும் கடையும்தான். இப்போது நூலகத்துக்கும் போக ஆரம்பித்தான். அங்கே இருந்த பெண்ணிடம் கெஞ்சி இணையத்திலிருந்து தாள் தாளாக அச்செடுத்துக்கொண்டு வந்தான். ஓடத்தின் மேல் ஊதா நிறத்தில் மின்னல் இறங்குகிற போட்டோ ஒன்று. வடக்கே பனிப்பிரதேசத்தில் ராணுவம் வைத்திருக்கும் ஏதோ ஆன்டெனாக் காடு. எந்த நாடு என்று சொல்லாமல் ஒரு நாட்டின் கதிர் ஆயுதம். ஓடத்துக்குள் ரகசியமாக ஏற்றப்பட்ட ஏதோ ஒரு பெட்டி. எல்லாவற்றையும் காலணிப் பெட்டியில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தான். சாப்பாட்டு மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து அவளுக்கு வாசித்துக் காட்டினான். ஒரு நாளைக்கு மின்னலை நம்புவான், மறுநாள் கதிரை. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாதே என்று அவனுக்கு உறைக்கவில்லை. எது உண்மையாக இருந்தாலும் அவனுக்குச் சம்மதம், நுரையைத் தவிர.

சமையலறைக் கதவுக்கு அணையாக நுரைத்துண்டு ஒன்று பல வருடமாகக் கிடந்தது. செதுக்கும்போது விழுந்ததை அவள் கொண்டுவந்தது. செய்தபோது வெளிர் மஞ்சளாக இருந்தது, ஜன்னல் வெயில் பட்டுப்பட்டு இப்போது ஆரஞ்சும் பழுப்புமாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அல்சீட் மேசையில் ஒரு கோழி முட்டையை மாவுக் கிண்ணத்தின் மேல் சாய்த்து வைத்து, ஆறடி தள்ளி உட்கார்ந்துகொண்டு, அந்தத் துண்டை வீசி எறிந்தான். மூன்றாவது எறிதலில் பட்டது. முட்டை மேசையில் உருண்டது, உடையவில்லை.

"பாத்தியா? முட்டைய உடைக்க வக்கில்ல. இது போய் விமான றெக்கைய உடைச்சுதாம். எவன் காதுல பூ சுத்துறானுங்க."

"அது அன்னிக்கு எவ்வளவு வேகத்துல போச்சு தெரியுமா, அல்சீட்?"

"எனக்கு வேகத்தப் பத்திப் பாடம் எடுக்காத. முட்டை உடைஞ்சுதா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

"உடையல."

முட்டை உடையக்கூடாது என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்ததை அவனிடம் சொல்லவில்லை. அவளுக்கும் அந்தப் பெட்டியில் இருக்கிற ஏதாவது ஒன்று உண்மையாகிவிட வேண்டும்போல் இருந்தது. எங்கோ பனியில் உட்கார்ந்துகொண்டு முகம் தெரியாத ஒருவன் ஒரு பொத்தானை அழுத்தியிருக்கட்டும். அவனை அவள் வாழ்நாள் முழுக்க வெறுக்கத் தயார். அன்றைக்கு அந்த முட்டையை உடைத்து ஆம்லெட் போட்டுக் கொடுத்தாள், அல்சீட் ரசித்துச் சாப்பிட்டான்.

தவக்காலத்தின் மூன்றாவது வாரம் விசாரணைக் குழுவிலிருந்து கடிதம் வந்தது. நுரைப் பிரிவில் எல்லோரையும் தனித்தனியாகக் கூப்பிட்டிருந்தார்கள், அவள் முறை வியாழக்கிழமை பத்து மணி. அல்சீட் கடிதத்தை இரண்டு தடவை படித்தான், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது தடவையும் படித்தான்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. தாள்ல இருக்குறதச் சொல்லு, அதுக்கு மேல ஒரு வார்த்த வேண்டாம். படகுல பாத்திருக்கேன், வெர்லீன். கம்பெனி தப்பான கயித்தக் குடுக்கும், அது அறுந்தா கட்டுனவன் யாருன்னுதான் தேடுவாங்க. பெரிய ஆளுங்க பண்ணதுக்கு ஒரு சின்ன ஆளு வேணும் அவங்களுக்கு. நீ கறுப்பி வேற, பொம்பள வேற. அல்வா மாதிரி அகப்படுவ."

"தாள்ல ஐம்பத்தெட்டு நொடின்னு இருக்கு," என்றாள் அவள்.

"என்னது?"

அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் சொன்னாள். ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவில் அறுபது நொடிக்கு மேல் போகக்கூடாது. போனால் அடிப்பூச்சு ஏடு கட்டிவிடும், மேலே வருவது அதோடு ஒட்டாமல் நடுவில் காற்று தங்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த இடது மேட்டில் மூன்றாவது பூச்சு முடித்து நான்காவதற்குத் தெளிப்புத் துப்பாக்கியை உயர்த்தியபோது ஒலிபெருக்கியில் அவள் பெயர் வந்தது. டூப்ளெசிஸ், முன்வாசலுக்கு வரவும். இரண்டு தடவை. அங்கே பெயர் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டால் வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். அவள் கை நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. மெலரின், "வெர்லீன்," என்று கூப்பிட்டது மட்டும் காதில் இருக்கிறது. பிறகு தெளித்தாள், முடித்தாள், பாதுகாப்பு உடையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். மறுநாள் தாளில் ஐம்பத்தெட்டு என்று எழுதி மெலரினின் முத்திரை இருந்தது. அவளும் தன் முத்திரையைக் குத்தினாள்.

"அதுக்குள்ள முடிஞ்சுதுன்னு எழுதியிருக்குல்ல? அப்புறம் என்ன?"

"அவ்வளவு கம்மியா எனக்குத் தோணல."

"யாருக்கு என்ன ஆச்சுன்னு கூப்பிட்டாங்க?" என்று கேட்டான் அல்சீட். கேட்டு முடிக்கும்போதே அவன் முகம் மாறியது. தொழிற்சாலை வாசலுக்கு வெர்லீனை அவள் இருபத்திரண்டு வருட வேலையில் ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டிருக்கிறார்கள். படகில் கயிறு அறுந்து அவன் இடுப்புக்குக் கீழே அடித்த நாள். அந்தத் தேதியை அவன் மறக்க மாட்டான். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அவள் முழங்கை வரைக்கும் மஞ்சள் நுரை காய்ந்து ஒட்டியிருந்ததையும், கழுவிவிட்டு வரக்கூடாதா என்று அவளைக் கேலி செய்ததையும் பிள்ளைகளிடம் பல தடவை சொல்லியிருக்கிறான்.

அவன் முக்காலியிலிருந்து காலை இறக்கி, மேசையைப் பிடித்து எழுந்து, குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்து காலணிப் பெட்டியை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனான். தாள்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. அன்றிலிருந்து அவன் நூலகத்துக்கு வாரம் நான்கு நாள் போனான். முன்பு அவளுக்காகத் தேடினான். இப்போது யாருக்காகத் தேடுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது, அதனால் முன்பைவிடப் பொறுமையாகக் கேட்டாள்.

விசாரணை அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். கேள்வி கேட்டவர் நரைத்த புருவமும் மெலிந்த குரலுமாக ஒரு பொறியாளர், பெயர் ஓக்கர்லண்ட். பக்கத்தில் ஒரு பெண் எழுதிக்கொண்டிருந்தாள். வெர்லீன் மாதாகோயிலுக்குப் போடும் நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு போயிருந்தாள். அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டதும், இதற்காகத்தான் வந்ததுபோல், ஒலிபெருக்கியைச் சொன்னாள். கை நின்றதைச் சொன்னாள். மெலரின் பெயரை மட்டும் சொல்லவில்லை. சொல்லும்போது பையில் கையை விட்டுப் பிளாஸ்டிக் குழந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜனவரியிலிருந்து அவள் எந்தச் சட்டை போட்டாலும் அது அந்தச் சட்டைக்கு மாறிக்கொண்டே இருந்தது. தூக்கிப் போட மனம் வரவில்லை. இருபத்திரண்டு வருடமாகத் தன் முத்திரை பொய் சொல்லாது என்று நம்பியிருந்தவள் அவள். ஒரு கேலிக்குப் பயந்து இத்தனை சுலபமாக ஒன்றை ஒளிக்க முடிந்ததென்றால், அன்றைக்கு அந்தத் தாளிலும் கண்ணை மூடிக்கொண்டுதானே குத்தியிருப்பேன் என்று நினைத்து நினைத்து மறுகினாள். ஒரு பிளாஸ்டிக் துண்டை வைத்து இவ்வளவு நினைப்பது பைத்தியக்காரத்தனம் என்றும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

ஓக்கர்லண்ட் பேனாவை மூடி வைத்தார்.

"மேடம், ஒண்ணு சொல்லட்டுமா? இன்னும் பறக்காத மூணு தொட்டில இருந்து அதே மேட்ட அறுத்துப் பாத்தோம். மூணும் மூணு வேற ஆளுங்க தெளிச்சது. மூணுலயும் உள்ள காத்து இருக்கு. நேரம் தப்பாம தெளிச்சதுலயும் இருக்கு. கையால பண்ணா அப்படித்தான் வரும். அது உங்க தப்பு இல்ல, அந்த முறையோட தப்பு."

"அந்த நிமிஷம்?"

"அத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"அதனாலதான்னு சொல்ல முடியாதா, அதனால இல்லன்னு சொல்ல முடியாதா?"

எழுதிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். ஓக்கர்லண்ட் நல்ல மனிதர். பதிலுக்காக உண்மையாகவே யோசித்தார்.

"ரெண்டுமே சொல்ல முடியாது, மேடம். அந்தத் துண்டு கடல் மேல பொடிப்பொடியாப் போயிடுச்சு. அத யாரும் அறுத்துப் பாக்க முடியாது."

கைகுலுக்கி அனுப்பினார்கள். வெளியே வந்து வாகனம் நிறுத்துமிடத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கால்வாயில் வெறும் தோணி ஒன்று கட்டிக் கிடந்தது. தொட்டி முடிந்ததும் அதில் ஏற்றித்தான் புளோரிடாவுக்கு அனுப்புவார்கள், எல்லோரும் கரையில் நின்று கையசைப்பார்கள். அந்தத் தொட்டிக்கும் அவள் கையசைத்திருக்கிறாள். தண்டனை கிடைக்கும் என்று பயந்துகொண்டுதான் போனாள். இப்போது அழுகை வந்தது. கொண்டுபோனதை இறக்கிவைக்க இடமில்லாமல் திரும்பிச் சுமந்துகொண்டு வந்ததுபோல் இருந்தது அவளுக்கு.

ஜூலையில் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஓடத்தின் இறக்கைப் பகுதி ஒன்றை நிறுத்தி வைத்து, நுரைத்துண்டைப் பீரங்கி மாதிரி ஒன்றில் வைத்துச் சுட்டார்கள். இறக்கையில் ஒரு ஆள் தலையும் தோளும் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது. சுட்டவர்களே வாயைப் பொத்திக்கொண்டதை டிவியில் காட்டினார்கள். அல்சீட் மட்டும், "படம் எடுத்ததும் அவங்கதான, சுட்டதும் அவங்கதான," என்றான். குரலில் தெம்பில்லை. கதவுக்கு அணையாகக் கிடந்த துண்டு மறுநாள் காணவில்லை. அவன் எங்கே போட்டான் என்று அவள் கேட்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் அறிக்கை வந்தது. இருநூறு பக்கத்துக்கு மேல். மேலே இருந்தவர்களின் அவசரம், எச்சரித்தவர்களைக் காதில் போட்டுக்கொள்ளாத கூட்டங்கள், பல வருடமாக நுரை பெயர்ந்தும் ஒன்றும் ஆகவில்லையே என்று பழகிப்போன மனது என்று எல்லாவற்றின் மேலும் பழி இருந்தது. தெளித்தவர்கள் மேல் தப்பு இல்லை என்று ஒரு பத்தியில் எழுதியிருந்தார்கள். மேலாளர் அந்தப் பத்தியை ஒலிபெருக்கியில் வாசித்தார். நுரைப் பிரிவில் சிலர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், ஒருவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். வெர்லீன் வீட்டுக்குப் போய் அல்சீட்டிடம் சொன்னாள்.

"எழுதிட்டாங்களா, யார் மேலயும் தப்பில்லன்னு?"

"எங்க மேல தப்பில்லன்னு எழுதியிருக்காங்க."

"அப்ப எதையோ மறைக்கிறாங்க," என்றான் அல்சீட்.

அவள் அவனையே பார்த்தாள். ஏழு மாதமாக அவளை விடுவிக்கத்தான் அவன் அந்தப் பெட்டியை நிரப்பினான். இப்போது அரசாங்கமே முத்திரை குத்தி விடுவித்தும் அவனால் நம்ப முடியவில்லை. அவளாலும் முடியவில்லை. வேடிக்கைதான், ஆனால் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. அவன் கெட்டுப்போன காலைத் தடவிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல், "அன்னிக்கு அந்தக் கயித்த நான் மாத்தியிருக்கணும். இழையெல்லாம் பிரிஞ்சு கெடந்துது, காலையிலயே பாத்தேன்," என்றான். அதை மூன்று வருடத்தில் அவன் சொன்னது இதுதான் முதல் தடவை. வெர்லீன் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை நான்கு மணிநேரம் விடுப்பு எடுத்துக்கொண்டு அவள் ராஜா கேக் சுட்டாள். ஆகஸ்டில் எந்தக் கடையிலும் அது கிடைக்காது. காலந்தப்பி அதைத் தின்றால் வரும் மார்டி கிராவுக்கு மழை கொட்டும் என்று ஊரில் சொல்லுவார்கள். மாவு உப்புகிற வரைக்கும் அவள் அடுப்படியிலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊதா, பச்சை, மஞ்சள் சர்க்கரை தூவினாள். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு அறை மேசையில் கொண்டுபோய் வைத்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யக்கா, வெயில் தலைக்கேறிடுச்சா? இது ஆகஸ்டு," என்றான் ஒருவன்.

"ஜனவரில மெலரின் குழந்தைய முழுங்கிட்டார்னு சொன்னோம்ல," என்றாள் வெர்லீன். "அவர் இல்ல. நான்தான் ஒளிச்சு வெச்சேன். அதே குழந்தைதான் இதுல இருக்கு. கேக் என் பாக்கி, கொண்டாந்துட்டேன்."

யாராவது கேலி செய்வார்கள் என்று காத்திருந்தாள். ஒருவரும் செய்யவில்லை. ஒவ்வொருவராக வந்து துண்டு எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் மெதுவாக, பல்லுக்குப் பதில் நாக்கால் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்தவர்கள் வெறும் தட்டைப் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டிவிட்டுக் கீழே வைத்தார்கள். மெலரினும் மூலையில் உட்கார்ந்து ஒரு துண்டைத் தின்று முடித்து, வாயைத் திறந்து நாக்கை நீட்டிக் காட்டினார். அப்போதுதான் லேசாக ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. ஒரு மணிக்கு மணி அடித்ததும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். போகும்போது சிலர் அவள் தோளைத் தொட்டார்கள். தட்டில் ஒரே ஒரு துண்டு மீதம் இருந்தது. குழந்தை அதில்தான் இருந்தாக வேண்டும், அது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதன் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை.

மெலரின் மட்டும் போகவில்லை. தன் காகிதப் பையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேசைக்கு வந்தார்.

"நீ ஒளிச்சது எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றார். "கன்னம் உப்பியிருந்துது. பாக்குறதுதான என் வேல."

"ஏன் சொல்லல? உங்களத்தான எல்லாரும் ஓட்டினாங்க."

"ஓட்டட்டும்னு விட்டுட்டேன்."

அவள் கடைசித் துண்டை எடுக்கக் கை நீட்டினாள். மெலரின் அதற்கு முன்பே தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கத்தியை எடுத்தார். அறுபது வயதுக் கை, இறால் உரித்துத் தடித்த விரல்கள்.

"அன்னிக்கு நான் கடிகாரத்தப் பாக்கல, வெர்லீன். ஒலிபெருக்கில பேர் வந்ததும் உன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். திரும்பிப் பாக்குறப்ப முள்ளு எங்கயோ போயிடுச்சு. ஐம்பத்தெட்டுன்னு நானாத்தான் எழுதினேன்."

தூரத்தில் கூடத்தின் எந்திரங்கள் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது. மெலரின் குனிந்து, துண்டின் நடுவை விரலால் அளந்து, ஆளுக்குச் சரிபாதி வரும்படி கத்தியை வைத்து அழுத்தினார். பாதி இறங்கியதும் கத்தி எதன் மேலோ முட்டி நின்றது.